பியானோ கிளாஸ்: ஸ்கூலா, வீட்டு மிஸ்ஸா, சினிமா மாஸ்டரா?

பியானோ கற்றுத்தரச் சென்னையில் யாரும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. எட்டு கிரேடு உள்ள இசைத் தேர்வில் கிரேடு 3 மட்டும் முடித்த காலேஜ் பையனும் கேட்டில் போர்டு மாட்டலாம், லண்டன் டிப்ளமா வைத்திருப்பவரும் மாட்டலாம். இரண்டு போர்டிலும் 'பியானோ, கீபோர்டு, கிடார்' என்றுதான் எழுதியிருக்கும். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் "நல்ல பியானோ டீச்சர் யாராவது தெரியுமா?" என்று ஒரு வரி போட்டால் அரை மணி நேரத்தில் ஏழெட்டு நம்பர் வந்து விழும். அதில் யார் நம் பிள்ளைக்குச் சரிப்படுவார் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

போன வருஷம் என் அக்கா பையனுக்காக இந்த அலைச்சல் என் பொறுப்பில் வந்தது. அவனுக்கு எட்டு வயது, வீடு அயனாவரம். அக்காவும் மாமாவும் வேலைக்குப் போகிறவர்கள். குடும்பத்தில் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது கோடுகளின் மேல் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பு, படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். எல்லா ஆசிரியர்களையும் பார்த்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வகைக்கு ஒருவரையாவது பார்த்துப் பேசினேன். நேரில் போகும்போது தெரிகிற பல விஷயங்கள் போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் இருப்பதில்லை.

முதலில்: பியானோவா, கீபோர்டா?

இதைத் தீர்க்காமல் ஆசிரியரைத் தேடக் கிளம்பினால் வீண் அலைச்சல்தான். நம் ஊரில் 'பியானோ கிளாஸ்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கீபோர்டு கிளாஸ். 61 கட்டை உள்ள கீபோர்டில் வலது கை ராகத்தை வாசிக்கும். இடது கை ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) பிடித்துக்கொண்டால் போதும், தாளமும் பேஸும் மெஷினே போட்டுவிடும். பியானோவில் 88 கட்டை. ஒவ்வொன்றுக்கும் கனம் உண்டு, அழுத்துகிற விசைக்கு ஏற்ப ஒலி மாறும். இடது கைக்கும் வலது கைக்கும் சம வேலை. காலுக்குப் பெடல் வேறு.

இரண்டில் ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று நான் நினைக்கவில்லை. மெல்லிசைக் குழுவில் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்குக் கீபோர்டுதான் சரி, அதுவும் ஒரு தொழில். யமஹா கம்பெனியே சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்துக் கீபோர்டு செய்கிறது என்றால் நம் ஊரில் அதற்கு இருக்கும் மவுசைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கல் எங்கே என்றால், பியானோ கற்கிறோம் என்று நம்பி மூன்று வருஷம் கீபோர்டு படித்த பிள்ளை பியானோவுக்கு மாறும்போது. வலது கை மூன்றாம் கிரேடில் நிற்கும், இடது கை அ, ஆவன்னாவில் நிற்கும். இடது கைக்கான கீழ் ஸ்வரங்களை எழுதும் பேஸ் கிளெஃபைப் பார்த்தாலே முகம் சுருங்கும். பத்து, பதினொரு வயதுப் பிள்ளையை மறுபடி முதல் பக்கத்தில் உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். இசைத் தேர்வு நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டன் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டமும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டமும் வைத்திருக்கிறது. "உங்க ஸ்டூடன்ட்ஸ் எந்த சிலபஸ்ல எக்ஸாம் எழுதறாங்க?" என்று போனிலேயே கேட்டுவிடலாம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், பின்னாடி மாத்திக்கலாம்" என்று பதில் வந்தால் அடுத்த நம்பருக்குப் போய்விடுங்கள்.

இசைப் பள்ளிகள்

பள்ளி என்று எடுத்துக்கொண்டால் சென்னைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அண்ணா சாலையில் இருக்கும் மியூசே மியூசிக்கல் 1842இல் தொடங்கிய கடை. வாத்தியம் விற்பது, சொல்லிக்கொடுப்பது, டிரினிட்டி தேர்வு என்று பல தலைமுறை மதராஸ்காரர்கள் மேற்கத்திய இசைக்கு அந்த வாசலைத்தான் மிதித்திருக்கிறார்கள். ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி வேறு மாதிரி. இசையையே படிப்பாக எடுத்துக்கொள்கிறவர்களை மனதில் வைத்து நடப்பது, லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோடு கூட்டும் உண்டு. இவை தவிர அண்ணா நகர், வேளச்சேரி, ஓ.எம்.ஆர். என்று எல்லாப் பக்கமும் மாடிப்படி ஏறிப் போகிற சின்னச் சின்ன மியூசிக் ஸ்கூல்கள்.

பள்ளியின் பெரிய லாபம் ஒழுங்கு. சொன்ன நேரத்துக்கு வகுப்பு நடக்கும். சார் வராவிட்டால் இன்னொருவர் வருவார். தேர்வுக்குப் பதிவு செய்வதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மேடை ஏற்றுவார்கள், கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது பெரிய விஷயம். வீட்டில் வாங்க முடியாத நல்ல பியானோவில் விரல் வைக்கிற வாய்ப்பும் சில இடங்களில் கிடைக்கும்.

நஷ்டம் என்னவென்றால், நாம் சேர்வது பள்ளியில், படிப்பது ஒரு ஆளிடம். அந்த ஆள் ஆறு மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டால் பிள்ளை மறுபடி புது முகத்தோடு முதலிலிருந்து பழக வேண்டும். சின்ன ஸ்கூல்களில் இது அடிக்கடி நடக்கிறது. ரிசப்ஷனில் ஃபீஸ் அட்டவணையை நீட்டும்போது, "என் பையனுக்கு யார் எடுப்பாங்க, அவங்க இங்க எத்தனை வருஷமா இருக்காங்க?" என்று கேளுங்கள். பெயரைச் சொல்லத் தயங்கினால் ஆள் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, குரூப் கிளாஸ். ஒரு மணி நேரம், ஆறு பிள்ளைகள், ஆளுக்கொரு ஹெட்போன். ஆசிரியர் ஒவ்வொருவராகப் பார்த்து வந்தால் உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். மீதி ஐம்பது நிமிஷமும் தப்பாக வாசித்துத் தப்பையே பழக்கிக்கொள்ளும். தனி வகுப்பு அரை மணி நேரத்துக்கு ஃபீஸ் கூடத் தெரியலாம், ஆனால் நிமிஷக் கணக்கு போட்டுப் பார்த்தால் குரூப் கிளாஸ்தான் விலை அதிகம். ஆறேழு வயதுக் குழந்தைகள் பாடி, கை தட்டித் தாளம் பழகும் ஆரம்ப வகுப்பு என்றால் கும்பலாக இருப்பதே நல்லது. விரல் வைக்கத் தொடங்கிய பிறகு தனி வகுப்புதான் என் ஓட்டு.

பெரம்பூர், வேப்பேரி, சாந்தோம்: வீட்டில் சொல்லிக்கொடுக்கும் மிஸ்

இந்த வகை ஆசிரியர்களுக்கு விளம்பரமே கிடையாது. ரயில்வே குவார்ட்டர்ஸ் காலத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர்கள், கான்வென்டில் மியூசிக் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். பெரம்பூர், புரசைவாக்கம், வேப்பேரி, சாந்தோம், பரங்கிமலை பக்கம் விசாரித்தால் இன்னும் கிடைப்பார்கள். ஹாலில் பழைய அப்ரைட் பியானோ, அதன் மேல் போட்டோ ஃபிரேம்கள், பக்கத்தில் பென்சில் டப்பா. அரை மணிக்கு ஒரு பிள்ளை. அடுத்த பிள்ளை சோபாவில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருக்கும்.

இவர்களிடம் இருக்கும் பெரிய பலம், பார்த்தவுடன் வாசிப்பது. சர்ச்சில் வாரா வாரம் நான்கு குரலில் எழுதிய கீதங்களைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே வாசிக்க வேண்டும். பாஸ்டர் கடைசி நிமிஷத்தில் பாட்டை மாற்றுவார், பாடுகிறவர்கள் சுருதி இறக்கச் சொல்வார்கள். இப்படியே முப்பது வருஷம் வாசித்தவருக்கு ஒரு புதுப் பக்கத்தைப் பிள்ளை எப்படி அணுக வேண்டும் என்பது தெரியும். டிப்ளமா வைத்திருக்கும் சிலரிடம்கூட இது இருப்பதில்லை.

குறையும் உண்டு. டிசம்பரில் கேரல் ரிகர்சல், கிறிஸ்துமஸ் ஆராதனை என்று வகுப்பு சரியாக நடக்காது. ஈஸ்டருக்கு முன்னாலும் அப்படித்தான். சிலருக்குப் புதிய சிலபஸ் மாற்றங்கள் தெரியாது, தேர்வுப் பதிவை நாமே பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம் அந்தப் பியானோ. கடல் காற்றும் ஐப்பசி ஈரமும் சேர்ந்து சென்னைப் பியானோக்களைப் பாடாய்ப் படுத்தும். கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊறும், சுருதி இறங்கும். போனில் ஒரு டியூனர் ஆப் போட்டு, நடு ஸி-க்கு மேலே வரும் ஏ கட்டையை அழுத்திப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் பக்கம் காட்டினால் நல்லது. நன்றாக இறங்கியிருந்தால் அந்த வீட்டுக்குச் சுருதி சேர்க்கிற ஆள் வந்து ரொம்ப நாள் ஆயிற்று. விரல் பழக இது பெரிய தடை இல்லை. காது பழகுகிற வயதில், வீட்டுப் பியானோ ஒரு சுருதியிலும் மிஸ் வீட்டுப் பியானோ இன்னொரு சுருதியிலும் இருப்பது நல்லதல்ல.

கோடம்பாக்கம் மாஸ்டர்

சினிமாவில் வாசிக்கிறவர்களிடம் படிப்பது இந்த ஊருக்கே உரிய வழி. மயிலாப்பூரில் இருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை கற்றதும், பின்னால் ரகுமான் சிறு வயதில் அவரிடம் படித்ததும் எல்லோரும் சொல்லும் கதை. அந்தக் கதையை நம்பித்தான் இன்றும் சாலிகிராமம், வடபழனி பக்கம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள்.

காது, கார்டு, ஹார்மனி மூன்றிலும் இவர்கள் கெட்டி. ஒரு பாட்டைக் கேட்டவுடன் இடது கைக்கு என்ன வைக்கலாம் என்று நாலு வழி காட்டுவார்கள். பதினைந்து வயதுக்கு மேல், கொஞ்சம் வாசிக்கத் தெரிந்து, சொந்தமாக மெட்டுப் போட ஆசைப்படும் பையனுக்கோ பெண்ணுக்கோ இதைவிட நல்ல இடம் இல்லை. எட்டு வயதுப் பையனுக்கு வேண்டாம். ரெக்கார்டிங் கால் வந்தால் வகுப்பு ரத்து. அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் வாரம் ஒரு முறை, அதே நாள், அதே நேரம் என்பது சின்னப் பிள்ளைக்குப் பாதி படிப்பு.

வீட்டுக்கு வரும் சார், ஆன்லைன் சார்

வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பவர் வசதிதான், சாயங்கால டிராஃபிக்கில் நாம் மாட்ட வேண்டாம். ஆனால் அவருக்குக் கிடைப்பது உங்கள் வீட்டு வாத்தியம் மட்டும். 61 கட்டைக் கீபோர்டை வைத்துக்கொண்டு பியானோ டெக்னிக் சொல்லிக்கொடுங்கள் என்றால் எந்த ஆசிரியரும் தலையைச் சொறிவார். கிடாரும் டிரம்ஸும் பியானோவும் மூன்றும் எடுக்கிறேன் என்கிறவரிடம், அவருடைய முதல் வாத்தியம் எது என்று கேளுங்கள். வாத்தியத்தை ஹாலில் வையுங்கள், அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டாம். நல்ல ஆசிரியர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பலர் அவர்களே ஹாலில் போடச் சொல்வார்கள்.

ஆன்லைன் வகுப்பு, ஓரளவு வாசிக்கிற பெரியவர்களுக்கு நன்றாகவே நடக்கிறது. ஆரம்பப் பிள்ளைக்கு மணிக்கட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைத் திரையில் பார்த்துத் திருத்த முடியாது. சேர்ந்து வாசிப்பதும் நடக்காது, சத்தம் தாமதமாகவே வரும். ஜூமில் எடுப்பதாக இருந்தால் ஒரிஜினல் சவுண்ட் அமைப்பைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பியானோவின் நீண்ட ஒலியை இரைச்சல் என்று நினைத்து அதுவே வெட்டிவிடும். கேமரா பக்கவாட்டில், இரண்டு கையும் தெரியும்படி. இந்த இரண்டையும் முதல் வகுப்பிலேயே கேட்டுச் சரிசெய்கிற ஆசிரியருக்கு ஆன்லைனில் பழக்கம் உண்டு என்று நம்பலாம்.

பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்

சுவரில் மாட்டிய சான்றிதழ்களை எப்படிப் படிப்பது? கிரேடு 8 என்பது மாணவருக்கான தேர்வின் கடைசிப் படி. பிரிட்டன் கல்வி அளவுகோலில் நம் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஈடு. அதற்கு மேலே டிரினிட்டியின் டிப்ளமாக்கள். ஏ.டி.சி.எல். கல்லூரி முதலாண்டுத் தரம். எல்.டி.சி.எல். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுத் தரம். எஃப்.டி.சி.எல். அதற்கும் மேலே. டிரினிட்டி மாதிரியே தேர்வு நடத்தும் இன்னொரு லண்டன் அமைப்பான ஏ.பி.ஆர்.எஸ்.எம். பக்கம் எல்.ஆர்.எஸ்.எம்., எஃப்.ஆர்.எஸ்.எம். என்று இதே மாதிரி அடுக்கு இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஐந்தாம் கிரேடு வரை கொண்டுபோக கிரேடு 8 முடித்த, பொறுமையுள்ள ஒருவர் தாராளமாகப் போதும். ஆறு, ஏழு என்று ஏறும்போது ஆசிரியரே அந்த உயரத்தில் வாசிக்க வேண்டும், அங்கே டிப்ளமா அவசியம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: டிப்ளமாக்களில் மேடையில் வாசித்துக் காட்டுவதற்கு ஒரு பிரிவும், கற்பித்தலுக்கு ஒரு பிரிவும் தனித்தனியாக இருக்கின்றன. பெரும்பாலானோர் எடுத்திருப்பது வாசிப்புப் பிரிவு. "ரெசைட்டல்ல பண்ணீங்களா, டீச்சிங்ல பண்ணீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டீச்சிங் என்று சொல்கிறவரைக் கண்டால் விடாதீர்கள்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய கண்கட்டு, மாணவர்களின் கிரேடு. "என் ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் டிஸ்டிங்ஷன்" என்பதுதான் எல்லா ஆசிரியரின் முதல் வரி. டிரினிட்டி பியானோ தேர்வு 100 மார்க். மூன்று பாட்டு, ஒவ்வொன்றுக்கும் 22. ஆக 66. ஸ்கேல், எக்சர்சைஸ் சேர்ந்த டெக்னிக்கல் வொர்க்குக்கு 14. துணைத் தேர்வுகள் இரண்டு, தலா 10. பாஸ் 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. ஒரு வருஷம் முழுக்க அதே மூன்று பாட்டை மனப்பாடம் பண்ண வைத்தால் பாஸுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே வந்துவிடும். தேர்வை நான் குறை சொல்லவில்லை, அதை நடத்துகிறவர்கள் இப்படிப் படிக்கச் சொல்லவும் இல்லை. பப்ளிக் எக்ஸாமுக்குப் புளூ பிரிண்ட் பார்த்துப் படிக்கிற ஊரில் இதுவும் அப்படி ஆகிவிட்டது. ஐந்தாம் கிரேடு சர்டிஃபிகேட் வைத்திருக்கும் பிள்ளையின் முன்னால் முதலாம் கிரேடு அளவில் ஒரு புதுத் தாளை வைத்தால் எழுத்துக்கூட்டித் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வில் ஆறாம் கிரேடோ அதற்கு மேலோ எழுத வேண்டுமென்றால் முதலில் ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான ஒன்றோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. தியரியைத் தள்ளிப்போடும் பிள்ளைக்கு முதலாவது கடிவாளம். வாசிப்பில் ஆர்வமும் எழுத்தில் வெறுப்பும் உள்ள பிள்ளைக்கு இரண்டாவது நிம்மதி. எது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "ஒரு எக்ஸாமுக்கும் அடுத்த எக்ஸாமுக்கும் நடுவுல பசங்க என்ன வாசிப்பாங்க?" இதற்குக் கண்கள் விரிந்து நாலைந்து புத்தகத்தை எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "அடுத்த கிரேடு ஆரம்பிச்சுடுவோம்" என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு டிரையல் கிளாஸ்

ஒரே பையன், ஒரு வார இடைவெளியில் இரண்டு டிரையல் வகுப்புகள். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் ஆசிரியர் அண்ணா நகர் பக்கம். எல்.டி.சி.எல். முடித்தவர், நேர்த்தியான அறை, நல்ல வாத்தியம். முதலில் அவரே ஒன்றை வாசித்துக் காட்டினார். பையன் வாயைப் பிளந்தான், எனக்கும் கைதட்டத் தோன்றியது. அப்புறம் அவனை உட்கார வைத்து, "இந்த விரலை இங்க வை, இப்ப இது, இப்ப இது" என்று ஐந்து விரலில் அடங்கும் ஒரு வரியைக் காட்டிக் காட்டி வாசிக்க வைத்தார். அரை மணி முடிவதற்குள் பையன் ஒரு வரி வாசித்துவிட்டான். அக்காவுக்கு வீடியோ அனுப்பினேன், சந்தோஷம். ஆனால் பையனின் பாதம் தரையைத் தொடவில்லை, அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. முழங்கை கட்டைக்குக் கீழே கிடந்தது. அரை மணியில் பாதிக்கு மேல் ஒலித்தது ஆசிரியரின் வாசிப்புதான்.

இரண்டாவது, பெரம்பூரில் ஒரு ஆன்ட்டி. முதல் ஐந்து நிமிஷம் பியானோவைத் திறக்கவே இல்லை. ஸ்டூல் மேல் மடித்த பெட்ஷீட்டைப் போட்டார், பையனை உட்கார வைத்து முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வருகிறதா என்று பக்கத்திலிருந்து பார்த்தார். போதவில்லை, இன்னொரு மடிப்பு. காலுக்கு ஒரு மரப்பலகை. அதற்குப் பிறகுதான் மூடியைத் தூக்கினார்.

"கறுப்பு எல்லாம் எப்படி நிக்குது பாரு. ரெண்டு ரெண்டா, மூணு மூணா. ரெண்டு இருக்கிற இடமெல்லாம் தொட்டுட்டு வா."

பையன் ஸ்டூலை விட்டு இறங்கி நடந்துகொண்டே தொட்டான். ஏழு இடம். பிறகு மூன்று இருக்கிற இடம். அதுவும் ஏழு. இடது கோடிக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

"ஆன்ட்டி, இங்க ஒண்ணு மட்டும் தனியா இருக்கு."

"ஏன் இருக்கு? நீயே சொல்லு."

அவன் யோசித்தான். அவர் காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார், நடுவில் பேசவே இல்லை. "இதோட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் அந்தப் பக்கம் இருந்திருக்கும், பியானோவை இங்க வெட்டிட்டாங்க" என்றான். "அப்ப இது எந்தக் கூட்டம்?" "மூணு கூட்டம்."

அன்றைக்குப் பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. இரண்டு கறுப்புக்கு இடது பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை ஸி என்று கண்டுபிடித்ததோடு சரி. அக்கா, "ஒரு வரிகூட வாசிக்கலையாடா?" என்று ஏமாந்துபோனாள். ஆனால் கட்டைகளின் ஒழுங்கு அவனுக்குள் போய்விட்டது. முந்தின வாரம் வாசித்த வரி அதற்குள் பாதிக்கு மேல் மறந்திருந்தது.

அண்ணா நகர்காரர் மோசம் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் அவரிடம் பெரிய பெண் ஒருத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். பெடலைக் கார்டு மாறும் அதே நொடியில் மாற்றுகிறாள், அதனால் பழைய ஒலி ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் பிந்தி மாற்று என்று அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். அடுத்த தடவை அந்த இடம் கண்ணாடியாகக் கேட்டது. ஏழாம் கிரேடு மாணவிக்கு அவர் வரம். முதல் நாள் பிள்ளைக்கு வேறு கை வேண்டும்.

நீங்கள் டிரையலுக்குப் போகும்போது, உட்காரும் உயரத்தைப் பார்க்கிறாரா என்று பாருங்கள். பிள்ளை தப்பு விட்டால் உடனே கையைப் பிடித்துத் திருத்துகிறாரா, தானே கண்டுபிடிக்க விடுகிறாரா? ஒவ்வொரு நோட்டின் தலையிலும் ஸி, டி, ஈ என்று பென்சிலால் எழுதித் தள்ளுகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. பிள்ளை அந்த எழுத்தைத்தான் படிக்கும், கோட்டைப் படிக்காது. கர்நாடக சங்கீதம் பாடுகிற பிள்ளை என்றால் தாளமும் காதும் ஏற்கெனவே கையில் இருக்கும். அதைப் பயன்படுத்துகிற ஆசிரியர் நல்லவர். ஆனால் ஸி கட்டையை நிரந்தரமாக 'ச' என்று பழக்கினால் பின்னால் குழப்பம். ச சுருதிக்கு ஏற்ப இடம் மாறும், ஸி மாறாது.

முடிந்தால் அவரிடம் இரண்டு வருஷமாகப் படிக்கும் ஒரு பிள்ளையின் வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அந்தப் பிள்ளை புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, மெதுவாகவாவது, தானே வழி கண்டுபிடித்துப் போகிறதா என்பது மட்டும் எனக்குப் போதும். டிப்ளமா, ஃபீஸ், பள்ளியின் பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காசும் தூரமும்

ஃபீஸ் ஏரியாவுக்கு ஏரியா ஏகத்துக்கு மாறுவதால் தொகையைச் சொல்லிப் பயனில்லை. கணக்கை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். மாதத்துக்கு நாலு வகுப்பு என்றால் ஐந்தாவது வாரம் வரும் மாதத்தில் என்ன செய்வார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வகுப்பு போயிற்றா, மாற்று வகுப்பு உண்டா? ஆசிரியர் வராவிட்டால்? மூன்று மாத ஃபீஸ் முன்கூட்டியே வாங்கும் பள்ளிகளில் நடுவில் நின்றால் திருப்பித் தருவார்களா? தேர்வுக் கட்டணமும் புத்தகமும் தனி, கிரேடு ஏற ஏற அதுவும் ஏறும்.

வாத்தியத்துக்கு, கனமான 88 கட்டை உள்ள ஆரம்ப நிலை டிஜிட்டல் பியானோ ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம் வரும். அவ்வளவு இப்போது முடியாது என்றால் ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முதல் சில மாதங்களை, அழுத்துகிற விசைக்கு ஏற்ப ஒலி மாறும் டச் சென்சிடிவ் கீபோர்டில் ஓட்ட வழி சொல்வார்கள். கண்டிப்பாகக் கிராண்ட் பியானோ வாங்கினால்தான் சொல்லிக்கொடுப்பேன் என்கிறவர் நமக்கு வேண்டாம்.

தூரத்தில் நான் கறார். வேளச்சேரியில் இருந்துகொண்டு அண்ணா நகர் ஆசிரியரிடம் போவது முதல் மாதம் நடக்கும். ஐப்பசி மழையில் நின்றுபோகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிஷத்துக்குள் போகிற ஓரளவு நல்ல ஆசிரியர், ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கும் மிக நல்ல ஆசிரியரைவிட மேல். பதினாறு வயதில் நிலைமை மாறும். அப்போது பிள்ளையே மெட்ரோ பிடித்துப் போய்க்கொள்ளும், நாமும் ஆறாம் கிரேடுக்கு மேல் கொண்டுபோகிறவரைத் தேடிக்கொண்டிருப்போம்.

எங்கள் பையன் பெரம்பூருக்குத்தான் போகிறான். அயனாவரத்திலிருந்து பக்கம், மாமா பைக்கில் விட்டுவிட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால் வகுப்பு முடிந்திருக்கும். டிசம்பரில் இரண்டு வாரம் வகுப்பு இருக்காது என்று ஆன்ட்டி முதலிலேயே சொல்லிவிட்டார், அந்த மாத ஃபீஸும் பாதிதான். ஐந்தாம் கிரேடு தாண்டினால் தன்னால் முடியாது, அப்போது வேறு இடம் சொல்கிறேன் என்றும் அவரே சொன்னார். அப்படி மாற்றும் நாள் வந்தால் மாத நடுவில் சத்தமில்லாமல் நின்றுவிடாமல், ஒரு மாதம் முன்னதாக நேரில் போய்ச் சொல்ல வேண்டும், பையன் வாசித்த புத்தகங்களின் பட்டியலையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புது ஆசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.